பொறுத்தருள வேண்டாம்!

நல்ல பெயர் எடுத்துவிட்ட மனிதரைச் சோதித்துப் பார்க்க ஊரார் துணிவதில்லை. நல்ல பெயர் எடுத்துவிட்ட சொல்லைச் சோதித்துப் பார்க்கவும் அறிஞர் பலர் துணிவதில்லை. ஆங்கிலத்திலே அப்படி நல்ல பெயர் எடுத்துவிட்ட சொல் ஒன்று உண்டு: ‘டாலரன்ஸ்’. மேடையிலே முழங்குகிறது அச்சொல், ஏட்டிலே மின்னுகிறது, 1945-ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஐக்கிய நாடுகள் பட்டயத்தின் முகப்பிலேயே வீற்றிருக்கிறது. நவம்பர் 16-ஆம் நாள் அதற்கெனவே உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. தமிழிலே அதனைச் ‘சகிப்புத்தன்மை’ என்கிறோம். பொறையுடைமை என்று இலக்கிய மணத்தோடும் சொல்கிறோம்.

‘சகிப்புத்தன்மை எனக்கு வேண்டாம்’ என்று ஒருவன் சொன்னால், அவனைக் கொடியவன் என்றே உலகம் எண்ணும். எண்ணட்டும்! ஆயினும், கேள்வி கேட்பதே பகுத்தறிவின் முதற்கடமை. எனவே கேட்போம்: சகிப்பவர் யார்? சகிக்கப்படுபவர் யார்? எதற்காகச் சகிக்க வேண்டும்?

சொல்லின் வேரைப் பார்ப்போம். இலத்தீன் மொழியிலே ‘தொலெராரே’ என்றால் சுமத்தல், தாங்குதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே ஆங்கிலச் சொல். தமிழிலே ‘பொறுத்தல்’ என்பதற்கும் சுமத்தல் என்ற பொருள் உண்டு. வடமொழியிலிருந்து வந்த ‘சகித்தல்’ என்பதும் தாங்குவதையே குறிக்கும். மூன்று மொழிகளும் ஒரே உண்மையைக் காட்டிக் கொடுக்கின்றன: முதுகின்மேல் ஏதோ ஒரு பாரம் ஏறியிருக்கிறது! கூந்தலிலே முல்லை சூடிய பெண், ‘இந்தப் பூவைச் சகித்துக்கொள்கிறேன்’ என்பாளா? மகவை மடியில் ஏந்திய தாய், ‘இக்குழந்தையைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பாளா? மாட்டாள். பிடித்ததைச் சகிப்பதில்லை. பிடிக்காததை, குறை என்று கருதுவதை, குற்றம் என்று எண்ணுவதையே சகிக்கிறோம்.

லேத்துப் பட்டறைக்குச் சென்றாலும் இதே பாடத்தைக் கற்கலாம். 25 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தண்டு ஒன்று கடைய வேண்டும், 0.05 மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை என்று வரைபடத்திலே குறித்திருப்பார்கள். அந்த 0.05-க்குப் பெயர் என்ன தெரியுமா? டாலரன்ஸ்! அதாவது, மன்னிக்கத்தக்க பிழையின் அளவு. மருத்துவரும் இச்சொல்லை ஆள்கிறார். அபின் தின்பவனுக்கு முதலில் மயக்கம் தந்த அளவு, நாளடைவிலே மயக்கம் தருவதில்லை; உடல் பழகிவிட்டது; அதுவும் டாலரன்ஸ்தான். பட்டறையிலே பிழைக்கு இடம் கொடுத்தல், மருத்துவத்திலே நஞ்சுக்குப் பழகிப்போதல்! சொல்லின் குணம் இவ்விரண்டிலும் ஒளிவு மறைவின்றித் தெரிகிறது.

இச்சொல்லுக்கு அண்டை வீட்டுக்காரர்கள் பலர் உண்டு. ‘பேஷன்ஸ்’, ‘எண்டூரன்ஸ்’, ‘இண்டிஃபரன்ஸ்’, ‘ரெஸ்பெக்ட்’ என்பன அவர்தம் பெயர்கள். வகுப்பிலே இவற்றைக் கொடுத்துத் தமிழ் எழுதச் சொன்னால், மாணவர் முதல் மூன்றுக்கும் ‘பொறுமை’ என்றே எழுதிவிடுகின்றனர். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள தொலைவு சிறிதன்று. பேருந்துக்காகக் காத்து நிற்பவன் காட்டுவது பேஷன்ஸ். அங்கே வெறுப்பு இல்லை, நேரம்தான் பகை. சவுக்கடி வாங்கிய அடிமை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தானே, அது எண்டூரன்ஸ். அங்கே வெறுப்பு உண்டு, தடுக்கும் வலிமைதான் இல்லை. எதிர்வீட்டுக்காரர் எந்த நிறத்தில் சட்டை அணிகிறார் என்று கவலைப்படாமல் இருக்கிறோமே, அது இண்டிஃபரன்ஸ்; அங்கே வெறுப்பே இல்லை.

டாலரன்ஸ் ஆவதற்கோ மூன்றும் ஒருங்கே வேண்டும். முதலாவது, ‘இது தவறு’ என்ற எண்ணம். இரண்டாவது, ‘நினைத்தால் இதனைத் தடுக்க என்னால் முடியும்’ என்ற வலிமை. மூன்றாவது, ‘இருந்தாலும் தடுக்காமல் விடுகிறேன்’ என்ற பெருந்தன்மை. எனவேதான் மன்னன் குடிகளைச் சகித்தான். குடிகள் மன்னனைச் சகித்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. பெரும்பான்மை சிறுபான்மையைச் சகிக்கிறது என்பார்கள். சிறுபான்மை பெரும்பான்மையைச் சகிக்கிறது என்று எந்தத் தலைவரும் பாராட்டுவதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் நீர் போன்றது இச்சொல். மேடும் பள்ளமும் இருந்தால்தான் அதற்கு ஓட்டம் உண்டு!

வரலாற்றைப் புரட்டுவோம். பிரான்சு நாட்டிலே கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் பல்லாண்டு வெட்டி மடிந்த பின்னர், 1598-ஆம் ஆண்டு நான்காம் ஹென்றி மன்னன் நாந்து நகரிலே ஓர் ஆணை பிறப்பித்தான். புராட்டஸ்டண்டுகள் குறிப்பிட்ட இடங்களில் வழிபடலாம் என்றது ஆணை. எண்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 1685-ஆம் ஆண்டு, அவன் பேரன் பதினான்காம் லூயி அந்த ஆணையை இரத்துச் செய்தான். இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்து, நாடிழந்து ஓடினர். அரசன் கொடுத்தான், அரசன் எடுத்துக்கொண்டான்! கொடுத்தவன் கையிலேயே எடுக்கும் உரிமையும் இருக்குமானால், வாங்கியவன் கையிலே இருந்தது என்ன? ஒரு காகிதம்.

இங்கிலாந்திலே 1689-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ‘டாலரேஷன் சட்டம்’ என்று வரலாறு அதனைப் போற்றுகிறது. அதன் உண்மைப் பெயரிலே டாலரேஷன் என்ற சொல்லே கிடையாது! அரச திருச்சபையிலிருந்து மாறுபடும் புராட்டஸ்டண்டுகளுக்குச் சில சட்டங்களின் தண்டனையிலிருந்து விலக்களிக்கும் சட்டம் என்பதே அதன் பெயர். கூர்ந்து நோக்குங்கள்: பழைய சட்டங்கள் ஒழிக்கப்படவில்லை, தண்டனைதான் விலக்கப்பட்டது. குற்றம் குற்றமாகவே இருந்தது. கசை மட்டும் ஆணியில் மாட்டப்பட்டது. வழிபடும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். கதவைத் தாழிடக் கூடாது. தாங்கள் ஏற்காத திருச்சபைக்கே வரியும் கட்ட வேண்டும். அரசுப் பதவிக்கோ ஆசைப்படக் கூடாது. பதவிக்கான அந்தத் தடை நீங்க 1828 வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வளவும் விதிக்கப்பட்டது சகிக்கப்பட்டவர்களுக்கு! கத்தோலிக்கருக்கு அந்தச் சகிப்பும் இல்லை.

அதே 1689-இல் ஜான் லாக் எனும் பேரறிஞர் டாலரேஷன் குறித்து எழுதிய மடல் வெளிவந்தது. மனச்சான்றை வாளால் வளைக்க இயலாது என்று வாதாடிய பெருநூல் அது. அந்நூலிலேயே அவர் ஒரு கூட்டத்துக்குக் கதவடைத்தார். எந்தக் கூட்டம்? கடவுள் இல்லை என்போர் கூட்டம்! நாத்திகனுடைய வாக்குறுதியை நம்ப முடியாது, அவனுடைய சத்தியம் அவனைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் காட்டிய காரணம். அறிஞரின் அறிவு குறைந்தது என்று அவரை ஏசுவதால் பயனில்லை. சகிப்பு என்றாலே அதற்கு எல்லை வகுப்பவர் ஒருவர் வேண்டும். எல்லை வகுக்கும் கை எங்கேயாவது ஒரு கோட்டைப் போட்டே தீரும். கோட்டுக்கு அப்பால் எவரேனும் நின்றே தீருவர்.

அப்படி நின்றான் ஒரு மாணவன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்திலே படித்தவன்; தாமஸ் எய்க்கன்ஹெட் என்பது பெயர்; வயது இருபது. நண்பர்களிடையே வேத நூலை எள்ளிப் பேசினான் என்பது குற்றச்சாட்டு. அவன் மன்னிப்புக் கேட்டான், உயிருக்காக மன்றாடினான். பொறுத்தருள வேண்டும் என்றான். பொறுத்தருளவில்லை! 1697-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள் தூக்கிலிட்டார்கள். இதைப் படிக்கும் இளைஞர்களே! உங்கள் வயது அவனுக்கு. நண்பர்களோடு திண்ணையிலே நீங்கள் பேசுவதைத்தான் அவனும் பேசினான்.

இவ்விடத்திலே நேர்மையான எதிர்ப்பு ஒன்று எழும். ‘கொல்லாமல் விட்டானே, அதுவே பெரிதன்றோ? சகிப்பைப் பழிக்கலாமா?’ என்பார்கள். பழிக்கவில்லை. 1762-ஆம் ஆண்டு பிரான்சின் தூலூஸ் நகரிலே ழான் காலா என்ற துணி வணிகரைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை நொறுக்கிக் கொன்றார்கள். மகன் கத்தோலிக்கனாக மாற விரும்பினான், எனவே புராட்டஸ்டண்டுத் தந்தை கொன்றுவிட்டார் என்பது சான்றற்ற குற்றச்சாட்டு. வால்டேர் வெகுண்டெழுந்தார்; 1763-இல் சகிப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார்; 1765-இல் செத்தவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. அப்படிப்பட்ட நாளிலே சகிப்பு என்பது மாமருந்து. கத்தியை உறையில் போடு என்று சொல்வதே அன்று பெருந்தொண்டு. ஆனால், கத்தியை உறையில் போட்டவன் வேறு. கத்தியைக் கடலில் எறிந்தவன் வேறு. முன்னவன் கை உறைமேலேயே இருக்கிறது!

இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்ட வாலிபர் ஒருவர் இருந்தார். 1776-ஆம் ஆண்டு வர்ஜீனியாவிலே உரிமைப் பிரகடனம் தயாராயிற்று. மத விஷயத்திலே அனைவருக்கும் முழு டாலரேஷன் தரப்படும் என்று முதல் வரைவிலே எழுதியிருந்தார் ஜார்ஜ் மேசன் என்ற முதியவர். இருபத்தைந்தே வயதான ஜேம்ஸ் மாடிசன் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார். சகிப்பு என்றால் கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான் என்றாகும், அது வேண்டாம், எல்லாரும் சமமாக உரிமை பெற்றவர்கள் என்று எழுதுவோம் என்றார். சொல் மாறியது. ஒரு சொல்தான் மாறியது. ஆனால் சலுகை உரிமையாயிற்று! பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசின் தலைவரான அந்த மாடிசன், தம் பண்ணையிலே நீக்ரோ அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதத்திலே மேடு பள்ளத்தைக் கண்ட கண், தோலின் நிறத்திலே காணத் தவறிற்று. சொல்லைத் திருத்தினால் மட்டும் உலகம் திருந்திவிடாது என்பதற்கு அவரே சான்று.

பிரான்சிலே 1789-இல் புரட்சி வெடித்தபோது, புராட்டஸ்டண்டுப் போதகரான ரபோ சாந்தெத்தியேன் தேசிய சபையில் எழுந்து, தாம் கேட்பது சகிப்பன்று, விடுதலையே என்றார். 1791-இல் தாமஸ் பெய்ன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். மனச்சான்றின் விடுதலையைத் தர மறுப்பவனும் கொடுங்கோலன், தருகிறேன் என்பவனும் கொடுங்கோலன். இருவருமே தமக்கில்லாத அதிகாரத்தைத் தமதென்று கொள்கின்றனர் என்பது அவர் வாதம். நம் வீட்டை நமக்கே வாடகையின்றித் தருகிறேன் என்பவனுக்கு நன்றி சொல்வோமா?

இனிச் சார்லஸ் பிராட்லா. அவர் பெயர் தமிழகத்துக்குப் புதிதன்று. 1880-களிலே சென்னையிலிருந்து வெளிவந்த ‘தத்துவவிவேசினி’ ஏட்டினர் போற்றிய பகுத்தறிவாளர் அவர். 1880-ஆம் ஆண்டு நார்தாம்டன் தொகுதி மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுத்தனர். கடவுள் பெயரால் ஆணையிடாமல் உறுதிமொழி கூற அனுமதி கேட்டார்; மறுத்தனர். ஆணையே இடுகிறேன் என்றார். நாத்திகன் இடும் ஆணை செல்லாது என்று அதையும் மறுத்தனர். ஓர் இரவு அவரைப் பார்லிமெண்டுக் கட்டடத்திலேயே காவலில் வைத்தனர். மக்கள் சலிக்காமல் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 1886-இல்தான் இருக்கை கிடைத்தது. 1888-இல் அவர் முயற்சியாலேயே உறுதிமொழிச் சட்டம் நிறைவேறிற்று. நாத்திகர் தெருவிலே நடமாடுவதை அன்றைய இங்கிலாந்து சகித்தது; பேசுவதைக்கூட ஓரளவு சகித்தது; சரியாசனம் தரத்தான் மனமில்லை! 1950 முதல் நடைமுறையில் உள்ள இந்திய அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பாருங்கள்: கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டும் ஒரே வாக்கியத்தில், ஒரே மதிப்பில். அங்கே சகிப்பு இல்லை. அங்கே இருப்பது உரிமை.

நம் நாட்டிலே இவ்வேறுபாடு எத்தனை இடங்களில் ஒளிந்திருக்கிறது! தாழ்த்தப்பட்ட மக்களைத் தேநீர்க் கடைக்கு வரவிடாமல் விரட்டியவன் கொடியவன். வரவிட்டு, தனிக் குவளையில் தேநீர் ஊற்றியவன் யார்? தன்னைச் சகிப்புள்ளவன் என்றே அவன் கருதிக்கொண்டான்! இரட்டைக் குவளை என்பது டாலரன்ஸ் குடியிருக்கும் வீடு. ஒரே குவளை என்பதே சமத்துவம் குடியிருக்கும் வீடு. வைக்கத்திலே 1924-இல் தொடங்கிய போராட்டம் 1925-இல் முடிந்தபோது, கோயிலைச் சுற்றிய சாலைகளில் மூன்று பக்கம் திறந்தன. கிழக்குப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. நடக்க விட்டோமே, அந்த ஒரு பக்கத்தையும் கேட்கலாமா என்றனர் வைதீகர். சலுகை எப்போதும் ஒரு பக்கத்தை மூடியே வைக்கும். உரிமைக்குத்தான் நான்கு பக்கமும் வாசல்.

சுயமரியாதைத் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். புரோகிதரில்லை, மந்திரமில்லை, தீவலமில்லை. பல்லாயிரம் இணையர் மாலை மாற்றி வாழ்வைத் தொடங்கினர். எவரும் கைது செய்யப்படவில்லை. எனவே சமூகம் சகித்தது என்றே சொல்லலாம். ஆனால் 1953-இல் ஒரு வழக்கிலே, அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி மனைவியல்லள், பிள்ளை உரிமைப் பிள்ளையல்லன் என்ற நிலை! 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டத்திருத்தம் நிறைவேற்றப்பட்டு, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்றது சட்டம். தடுக்காமல் விடுவதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்று கேட்டால், அந்தத் தாய்மார்களின் கண்ணீர் அளவு என்று சொல்லலாம்.

அப்படியானால் சகிப்பு என்ற சொல்லுக்கு அறத்திலே இடமே இல்லையா? உண்டு. எங்கே உண்டு என்பதை வரையறுப்பதே நம் கடமை.

முதலில், கருத்து. என் அண்டை வீட்டார் நாள், கோள், நட்சத்திரம் பார்த்தே வெளியில் கிளம்புகிறார். அது தவறு என்பது என் முடிவு. தவறென்று கருதும் உரிமை எனக்குண்டு. தவறாக எண்ணும் உரிமை அவருக்குண்டு. நான் வாதாடலாம், வேண்டலாம், எழுதலாம். கையைப் பிடித்து இழுக்கலாகாது. இங்கே சகிப்பு நல்ல சொல், நேர்மையான சொல். ‘உங்கள் கருத்தை மதிக்கிறேன்’ என்று பொய் சொல்வதைவிட, ‘உங்கள் கருத்தை மறுக்கிறேன், உங்களை மதிக்கிறேன்’ என்பதே ஆண்மை. ஆத்திகர் நம்மைச் சகிக்கும் அளவுக்கு நாமும் அவரைச் சகிக்க வேண்டும் என்பது மட்டுமல்ல. அவர் நம்மைச் சகிக்காதபோதும், அவர் வாயை அடைக்கும் கையாக நம் கை மாறிவிடக் கூடாது. எய்க்கன்ஹெட்டைத் தூக்கிலிட்டவர்களிடமிருந்து நாம் வேறுபடுவது கொள்கையால் மட்டுமன்று, முறையாலும்தான்.

இரண்டாவது, பிறப்பு. இங்கே சகிப்பு என்ற சொல் நுழையவே கூடாது. சகிப்பதற்கு ஒரு குற்றம் வேண்டும் என்று கண்டோம். ஒருவன் சேரியிலே பிறந்தது குற்றமா? பெண்ணாய்ப் பிறந்தது குற்றமா? வேறு மொழி பேசும் தாயின் வயிற்றில் பிறந்தது குற்றமா? குற்றமே இல்லாதபோது, ‘பொறுத்துக்கொள்கிறேன்’ என்பவன், குற்றத்தை அங்கே கற்பிக்கிறான். இல்லாத கடனைத் தள்ளுபடி செய்யும் வட்டிக்கடைக்காரன் அவன்!

மூன்றாவது, கொடுமை. இதனைச் சகிக்கவே கூடாது. திருக்குறளிலே பொறையுடைமை என்று ஓர் அதிகாரம் உண்டு. நிலத்தை உவமை காட்டிப் பொறுமையைப் போற்றிய அதே வள்ளுவர், மானம் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை மறந்துவிட்டே நம்மவர் மேடையில் பேசுகின்றனர். எனக்கு இழைத்த தீங்கை நான் பொறுக்கலாம். அது என் பெருமை. பிறனுக்கு இழைக்கும் தீங்கை நான் பொறுப்பதற்கு எனக்கு என்ன உரிமை? அவன் முதுகிலே விழும் அடிக்கு என் பொறுமையா பதில்? அபின் தின்பவன் உடல் பழகிப்போனதைச் சொன்னோமே, அந்த நோய் சமுதாயத்துக்கும் வரும். நாளேடு தரும் சாதிக் கொலைச் செய்தியைப் படித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டும் கைக்கு அந்நோய் வந்துவிட்டது என்று பொருள்.

நான்காவது, அரசு. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் சகிக்கலாம். அரசு எவரையும் சகிக்கக் கூடாது. ஏனெனில் அரசு நம் எண்ணங்களின் எசமானன் அன்று. ‘தீண்டாமைக் குற்றங்கள்’ என்ற பெயரில் 1955-இல் வந்த சட்டத்துக்கு, 1976-இல் ‘குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம்’ என்று பெயர் மாற்றினார்கள். காப்பது சலுகையை அல்ல, உரிமையை என்று பெயரே சொல்ல வேண்டும், அதுதான் முறை.

‘சொல்லைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்பானேன்? நல்ல பொருளிலே ஆண்டால் போகிறது’ என்று கேட்பாருண்டு. 1995-இல் யுனெஸ்கோ நிறுவனம் சகிப்புக் கொள்கைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோது, சகிப்பு என்பது விட்டுக்கொடுத்தல் அன்று, மேலிருந்து இரங்குதல் அன்று என்று விளக்கம் எழுத நேர்ந்தது. சமத்துவம் என்ற சொல்லுக்கு அப்படி எவரும் காவல் போடுவதில்லை. தன் பொருளைத் தானே காத்துக்கொள்ளும் சொல் இருக்க, காவல் வேண்டிய சொல்லைக் கட்டி அழுவானேன்?

தோழர்களே! ‘எங்கள் ஊரிலே எல்லாரையும் சகித்துப் போகிறோம்’ என்று யாரேனும் பெருமை பேசினால், பணிவோடு கேளுங்கள்: சகிக்கும்படி அவர்கள் செய்த பிழை என்ன? சகிக்கும் தகுதியை உங்களுக்குக் கொடுத்தது யார்? விடை வராது. வராதபோது விளங்கும், அங்கே உள்ளது அன்பன்று, அணை போட்ட வெறுப்பு என்று. 1925-இல் நம் முன்னோர் தம் இயக்கத்துக்குப் பெயர் தேடியபோது சகிப்பு என்ற சொல்லைத் தேடிப் போகவில்லை. தன்மானம், சுயமரியாதை என்ற சொல்லையே ஏந்தினர். மானமுள்ளவன் கேட்பது ஒன்றுதான்: எனக்கு நீ மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம், பக்கத்தில் நில். பொறுத்தருள வேண்டாம், சமமாக நில், போதும்!